மாணா வரைக்கும்

நாள் 1: ஆக்ரா

"தாஜ்மகால் பார்க்காம ஆக்ராவா? வெளிய சொன்னா சிரிப்பாங்க அத்தான்." ரயிலிலிருந்து இறங்கும்போதே மைத்துனன் ஆரம்பித்துவிட்டான்.

அவனை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை அத்தான் என்பான். திவ்யதேசங்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு வருகிறவன். வடக்கே பாக்கி இருப்பவற்றில் தேவப்பிரயாகை, ஜோஷிமட், பத்ரிநாத் மூன்றும் ஒரே சாலையில் இருப்பதால் என்னோடு ஒட்டிக்கொண்டான். அவன் கணக்கில் அவை கண்டமென்னும் கடிநகர், திருப்பிரிதி, திருவதரியாச்சிரமம். என் கணக்கு வேறு. 1624இல் இதே ஆக்ராவிலிருந்து இமயத்துக்குக் கிளம்பிய ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியாரின் வழியில், இன்று எதுவரை விடுகிறார்களோ அதுவரை போய்ப் பார்க்க வேண்டும்.

அவர் பெயர் அந்தோனியோ தெ அந்த்ராதே. 1580இல் போர்ச்சுகலில் ஒலெய்ரோஸ் என்ற ஊரில் பிறந்தவர். பதினாறு வயதில் இயேசு சபையில் சேர்ந்து, இருபது வயதில் கோவாவுக்குக் கப்பல் ஏறியவர். ஆக்ராவில் முகலாய அரசவையை ஒட்டி நடந்த மிஷனுக்குத் தலைவராக இருந்தபோதுதான் இந்தப் பயணம். அப்போது அவருக்கு 44 வயது. தாஜ்மகால் அன்றைக்கு இல்லை. மும்தாஜே உயிரோடு இருந்தார். இதைச் சொல்லித்தான் மாப்ளேயின் வாயை அடைத்தேன்.

வஜீர்புரா சாலையில் அக்பர் சர்ச் என்று சொல்லப்படும் பழைய தேவாலயத்துக்குப் போனோம். அக்பர் காலத்தில் கட்டியது, ஷாஜகான் காலத்தில் இடித்தது, மறுபடி எழுப்பியது. அந்த்ராதே பூசை வைத்த சுவர் இதுதான் என்று கையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இடம் அதுதான். உள்ளே இரண்டு பேர் முழங்காலில் இருந்தார்கள். வெளியே மரத்தடியில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினோம்.

ஏன் போனார் என்று மாப்ளே கேட்டான். நியாயமான கேள்வி. மலைக்கு அப்பால் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், சிலுவையும் மணியும் மெழுகுவத்தியும் அங்கே உண்டு என்று வணிகர்கள் மூலம் ஒரு கதை ஆக்ராவில் வெகுகாலமாக உலவிக்கொண்டிருந்தது. கத்தாய் என்று ஒரு நாடு, அங்கே தொலைந்துபோன திருச்சபை. அதைத் தேடி அவருக்கு முன்பே பெந்தோ தெ கோயிஸ் என்ற பிரதர் 1602இல் இங்கிருந்து புறப்பட்டு, காபூல், யார்க்கந்து என்று பாலைவனம் சுற்றி, 1607இல் சீன எல்லையில் செத்தார். கத்தாய் என்பதும் சீனா என்பதும் ஒன்றுதான் என்று அவர் பயணத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் மலைக்கு நேர் பின்னால் என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது. தூரத்திலிருந்து கேட்பவர்களுக்கு லாமாக்களின் மணியும் தீபமும் அங்கியும் பாதிரியார் மாதிரிதானே இருந்திருக்கும்.

நாள் 2: டில்லி வழியாக ஹரித்வார்

1624 மார்ச் 30 அன்று அந்த்ராதே ஆக்ராவை விட்டுக் கிளம்பியபோது இமயத்துக்குப் போவதாகத் திட்டமே இல்லை. பேரரசர் ஜஹாங்கீர் வடக்கே போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னால் போவதுதான் வேலை. டில்லியில் வந்து பார்த்தால் ஒரு பெரிய யாத்திரைக் கூட்டம் பத்ரிநாத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. சரி, இதை விட்டால் வேறு துணை கிடைக்காது என்று அங்கேயே முடிவெடுத்தார். இந்து யாத்திரிகர் மாதிரி உடை மாற்றிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார். கூடவே மனுவேல் மார்க்கெஸ் என்ற பிரதர், இரண்டு கிறிஸ்தவ வேலையாட்கள்.

இந்த மார்க்கெஸைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குருப்பட்டம் இல்லாத சகோதரர். புத்தகங்களில் பெரும்பாலும் "அந்த்ராதேயும் அவருடன் ஒருவரும்" என்ற அளவில்தான் வருவார். பயணத்துக்குமுன் நானும் அப்படித்தான் தாண்டிப் போயிருந்தேன்.

வேஷம் போடுவது இயேசு சபைக்குப் புதிதல்ல. அதே ஆண்டுகளில் ராபர்ட் தெ நொபிலி மதுரை மிஷனில் காவியும் பாதக்குறடுமாக சைவ உணவு சாப்பிட்டு, தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் நொபிலிக்கு உடை என்பது வாழ்க்கை முறை. அந்த்ராதேக்கு அது ஒரு டிக்கெட், அவ்வளவுதான்.

எங்கள் டிக்கெட் போனில் இருந்தது. பத்ரிநாத்தையும் சேர்த்த சார்தாம் யாத்திரைக்குப் பதிவு செய்தால் ஒரு கியூஆர் கோடு வரும். அது இல்லாமல் மேலே விடமாட்டார்கள். என் பதிவில் வயது தவறாக விழுந்து, பெயருக்கு நேரே 15 என்று இருந்தது. சோதனைச் சாவடியில் இருந்தவர் போனையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் கையை ஆட்டிவிட்டார்.

இரவு ஹரித்வாரில் தங்கல். அறையைப் பற்றி எழுதாமல் விடுவது நல்லது.

நாள் 3: தேவப்பிரயாகை, ஸ்ரீநகர்

ரிஷிகேஷ் தாண்டியதுமே மலை ஆரம்பித்துவிடுகிறது. ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறு பக்கம் கீழே கங்கை. சாலையை அகலமாக்கியிருக்கிறார்கள். பல இடங்களில் மலையின் தோலை உரித்த மாதிரி செம்மண் தெரிகிறது. எங்கள் டிரைவர் கட்வாலி. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துவிட்டு, அடித்த கையாலேயே நெஞ்சைத் தொட்டுக் கும்பிடுவார்.

அந்த்ராதே இந்த வழியை எழுதியிருப்பது ஒரு சமவெளிக்காரனின் திகிலோடு. பாதை ஓர் அடி அகலம்தான். ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை வைக்க இடம் தேடி, கையால் பாறையைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் ஊர்ந்திருக்கிறார்கள். கீழே ஆறு இரைகிறது. முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் கத்திக்கொண்டு போகிறார்கள். அவர் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார்: "யே பத்ரினாத்தே, யே, யே". நம்முடைய 'ஜெய்'தான் போர்த்துக்கீசிய எழுத்தில் 'யே' ஆகிவிட்டது. நேற்று இரவு அதைப் படித்துவிட்டு இன்று காலை முதல் பேருந்தின் ஜன்னலிலிருந்து அதே கோஷத்தைக் கேட்டபோது சிலிர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. நானூறு வருடமாக வாசகம் மாறவில்லை.

அவருடைய கடிதம் 1626இல் லிஸ்பனில் புத்தகமாக வந்தது. தலைப்பிலேயே "பெரிய கத்தாயின், அதாவது திபெத் அரசுகளின் புதிய கண்டுபிடிப்பு" என்று போட்டார்கள். இந்தக் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைத்தான் வழி முழுக்க மென்றுகொண்டு வருகிறேன். பத்ரிநாத் வரை போனது வருடா வருடம் கிழவிகள் நடந்த பாதை. அதற்கு மேலே மாணாக் கிராமத்தார் உப்புக்கும் கம்பளிக்கும் போய்வந்த பாதை. பதிவான வரையில், இமயத்தைத் தாண்டித் திபெத்துக்குள் போன முதல் ஐரோப்பியர் அந்த்ராதேதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் புதிதாகப் போட்ட பாதை என்று ஒரு முழம்கூடக் கிடையாது.

தேவப்பிரயாகையில் பாகீரதி ஒரு நிறம், அளகநந்தா ஒரு நிறம். சங்கமத்தின் படிக்கட்டில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மாப்ளே முங்கினான். தண்ணீரிலிருந்து எழுந்தவனுக்குப் பெரியாழ்வார் பாசுரத்தில் முதல் அடிக்குமேல் பல் தந்தி அடித்தது. மேலே ரகுநாதர் கோயிலில் மிச்சத்தைச் சொல்லி முடித்தான்.

மாலை ஸ்ரீநகர். காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, கட்வால் ஸ்ரீநகர்.

நாள் 4: ஸ்ரீநகரிலேயே

இங்கே ஒரு நாள் கூடுதலாக இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். காரணம், அந்த்ராதேயை இங்கேதான் மடக்கினார்கள்.

ஸ்ரீநகர் அப்போது கட்வால் ராஜாவின் தலைநகர். முகலாய ஊரிலிருந்து வந்த வெள்ளை முகம், கையில் வியாபாரச் சரக்கு எதுவும் இல்லை. ஒற்றர் என்று சந்தேகம் வராமல் இருக்குமா? பிடித்து வைத்து விசாரித்தார்கள். அந்த்ராதே சொன்ன பதில்: நான் போர்த்துக்கீசியன், திபெத்தில் இருக்கும் என் சகோதரனைப் பார்க்கப் போகிறேன், பல வருடமாகத் தகவலே இல்லை. மூட்டையைச் சோதித்தபோது கறுப்பு அங்கி அகப்பட்டது. இது எதற்கு? சகோதரன் இறந்துவிட்டான் என்று தெரிந்தால் துக்கத்துக்கு உடுத்த.

நல்ல பதில்தான். பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது; மலைக்கு அப்பால் கிறிஸ்தவச் சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று அவர் நம்பினாரே. கேட்பவருக்கு ஓர் அர்த்தம், சொல்பவருக்கு ஓர் அர்த்தம். பாவசங்கீர்த்தனத்தில் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். ஒரு வழியாக மேலே போக விட்டார்கள்.

அந்த விசாரணை நடந்த ஊரைத் தேடிக் காலையில் கிளம்பினேன். கடைத்தெருவில் ஒரு பெரியவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், "பழைய ஊரா? அது ஆற்றில் போய்விட்டதே" என்றார். உண்மைதான். 1893இல் மேலே பிரேஹி கங்கையில் ஒரு மலையே சரிந்து விழுந்து அணை மாதிரி அடைத்துக்கொண்டது. பின்னால் கோஹ்னா ஏரி என்று ஒன்று உருவானது. 1894 ஆகஸ்டில் அது உடைத்துக்கொண்டு வந்ததில் பழைய ஸ்ரீநகர் மொத்தமும் துடைத்துப் போனது. ஆங்கிலேயப் பொறியாளர்கள் ஏரிக்கரையிலிருந்து கீழே வரை தந்திக் கம்பி இழுத்து முன்கூட்டியே எச்சரித்ததால் ஊர்தான் போனதே தவிர ஜனங்கள் பிழைத்தார்கள். இன்றைய ஸ்ரீநகர் அதற்குப் பிறகு, நேர் நேர் தெருக்களாக, புதிதாகக் கட்டியது. அந்த்ராதே நின்று பதில் சொன்ன அரண்மனை முற்றம் இப்போது மணல் திட்டு, இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் பாத்திரக் கடை.

பெரியவர் விடவில்லை. 2013 வெள்ளத்தில் கீழ்ப்பகுதி வீடுகளில் எந்த உயரத்துக்குச் சேறு ஏறியது என்று தன் மார்பில் கையை வைத்துக் காட்டினார். அவருக்கு 1624 பற்றி அக்கறை இல்லை. "யாரோ வந்தார், போனார். தண்ணீர்தான் திரும்பத் திரும்ப வருகிறது" என்றார். என் கண்ணாடியின் திருகைச் சும்மாவே முடுக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

நாள் 5: சாலையில்

இன்று பயணம் என்று பெயர். பாதி நாள் நின்ற இடத்திலேயே நின்றோம். கர்ணபிரயாகைக்கு மேலே மண் சரிந்து, ஜேசிபி வந்து தள்ளும்வரை மூன்றரை மணி நேரம். வண்டிகளின் வரிசையில் ஒருவர் வெள்ளரிக்காய் விற்றார். பச்சை மிளகாயும் உப்பும் அரைத்த சட்னி தடவித் தந்தார். அருமை. நான்கு வாங்கினேன்.

வேலை இல்லாததால் மாப்ளேக்கு மற்றவர்களின் கதையையும் சொன்னேன். அந்த்ராதே திறந்த கதவில் அப்புறம் இயேசு சபையார் பலர் நுழைந்தார்கள். கசெல்லாவும் கப்ராலும் 1627இல் வங்காளப் பக்கமிருந்து பூட்டானுக்குள் போய், அந்த நாட்டை ஒன்றாக்கிய ஷப்துரூங் நவாங் நம்கியாலோடு மாதக்கணக்கில் தங்கினார்கள். க்ரூபரும் தோர்வில்லும் 1661இல் பெக்கிங்கிலிருந்து லாசா, காட்மாண்டு வழியாக ஆக்ராவுக்கு நடந்தே வந்தார்கள். வந்து சேர்ந்த தோர்வில் ஆக்ராவிலேயே செத்தார்.

ஆனால் எல்லாரையும்விட என் மனசுக்குப் பிடித்தவர் இப்போலித்தோ தேசிதேரி. இத்தாலிக்காரர். காஷ்மீர், லே வழியாக 1716 மார்ச்சில் லாசா போய்ச் சேர்ந்தார். மடங்களில் மாணவராக உட்கார்ந்து, திபெத்திய மொழியிலேயே தத்துவ வாதம் எழுதினார். மற்றவர்கள் மலையைத் தாண்டினார்கள். இவர் மொழியைத் தாண்டினார். 1721இல் திபெத்தை விட்டு வெளியே வரவேண்டியதாயிற்று. அப்புறம் எங்கே போனார் தெரியுமா என்று கேட்டேன். மாப்ளே ரோம் என்றான். கடைசியில் ரோம்தான், ஆனால் அதற்குமுன் பாண்டிச்சேரி! 1725 வாக்கில் அங்கே பிரெஞ்சு இயேசு சபையாரின் மிஷனில் சேர்ந்து, நாற்பது வயதில் தமிழ் படிக்க உட்கார்ந்தார். 1727இல் கப்பல் ஏறியபோது, ஓரியூரில் வெட்டுண்ட அருளானந்தரின், அதாவது ஜான் தெ பிரிட்டோவின், புனிதர் பட்ட வழக்குக்கான தாள்களும் அவர் பெட்டியில் போயின.

மாப்ளே கொஞ்ச நேரம் பேசவில்லை. "திபெத்து படிச்சவருக்குத் தமிழ் கஷ்டமா இருந்திருக்குமா அத்தான்?" என்றான். இப்படி ஒரு கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பொறாமையாக இருந்தது.

ஜோஷிமட்டுக்கு இருட்டிய பிறகு வந்து சேர்ந்தோம். 2023 ஜனவரியில் வீடுகள் விரிசல் விட்ட ஊர். நாங்கள் தங்கிய தெருவில் இரண்டு வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி இன்னும் இருக்கிறது. ஒரு வீட்டின் முற்றத்தில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

நாள் 6: பத்ரிநாத்

காலையில் நரசிங்கர் சந்நிதி, அதாவது திருப்பிரிதி. அங்கிருந்து விஷ்ணுபிரயாகை, பாண்டுகேஷ்வர், அனுமான் சட்டி. அதற்குமேல் மரம் குறைந்து, காற்று மெலிந்து, நிறமே மாறிவிடுகிறது. ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி ஆற்றைக் காட்டினார். அளகநந்தாவின் மேல் ஒரு பனிப்பாலம். அழுக்குப் பழுப்பு நிறம், மேலெல்லாம் கல்லும் சருகும். நடுவில் பொத்துக்கொண்டு உள்ளே நீல நிறம். ஆறு அதன் அடியில் நுழைந்து, காணாமல் போய், இந்தப் பக்கம் நுரையோடு வெளியே வருகிறது. ஜூன் மாதத்தில் மிச்சமிருப்பதே இவ்வளவு.

அந்த்ராதே கூட்டம் ஆற்றைக் கடந்ததே இப்படிப்பட்ட பாலங்களின் மேல்தான் பல இடங்களில். மேலே பனி, அடியில் தண்ணீரின் இரைச்சல். எந்த அடியில் உடையும் என்று தெரியாமல் நடந்ததை எழுதியிருக்கிறார். நான் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். சத்தமே இல்லாமல் அது பனியில் புதைந்து நின்றது.

பத்ரிநாத் 3,100 மீட்டர். பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடப்பதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். வயதாகிக் கோலை ஊன்றி, குனிந்து, இருமித் தள்ளாடும் நாள் வருவதற்குள் வதரிக்குப் போய்விடு என்று திருமங்கை ஆழ்வார் பாடியிருக்கிறார். இதை மாப்ளே என் முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கோயிலுக்கு இறங்கும் இடத்தில் தப்த குண்டம். கந்தக வாடையோடு கொதி வெந்நீர், அதிலிருந்து பத்தடியில் ஐஸ் மாதிரி அளகநந்தா. அந்த்ராதேயும் இந்த ஊற்றுகளை எழுதியிருக்கிறார். காலை வைத்ததும் 'ஆ' என்று எடுத்துவிட்டேன். பக்கத்தில் ஒரு ராஜஸ்தானிப் பாட்டி கழுத்துவரை இறங்கி நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மெல்ல மெல்ல இறங்கினேன். இரண்டு நிமிடத்தில் ஆறு நாள் அலுப்பும் போயிற்று. தரிசனத்துக்கு நான்கு மணி நேர வரிசை; மாப்ளே அழுதுகொண்டே வெளியே வந்தான். அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

இரவு அவனுக்குத் தலைவலி. சாப்பாடு இறங்கவில்லை. மலைக்காற்று என்று ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தேன். திபெத்துக்கு ஏறும் கணவாய்க்குப் போகும் வழியில் நன்றாக இருந்தவர்கள் திடீரென்று சுருண்டு செத்துப்போவதை அந்த்ராதே கேள்விப்பட்டிருக்கிறார். பூமியிலிருந்து விஷ ஆவி கிளம்புகிறது என்று ஊர்க்காரர்கள் சொன்னார்களாம். அதெல்லாம் இல்லை, குளிரும் சூடான சாப்பாடு இல்லாததும்தான் என்று இவர் நினைத்தார். இரண்டும் தவறு, உயரத்தில் பிராணவாயு குறைவதுதான். ஆனால் காற்றில் ஏதோ கோளாறு என்ற அளவில் ஊர்க்காரர்கள்தான் அருகில் வந்தார்கள்.

நாள் 7: மாணா

பத்ரிநாத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். ஊர் வாசலில் 'இந்தியாவின் முதல் கிராமம்' என்று பலகை. சில வருடம் முன்புவரை 'கடைசி கிராமம்' என்று இருந்தது. ஊர் நகரவில்லை.

மாப்ளே தேறிவிட்டான், ஆனால் ஏறமாட்டேன் என்றான். ஊருக்குள் ஒரு டீக்கடையில் அவனை உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் மேலே போனேன். கல் வீடுகள், தட்டைக்கல் கூரை, திண்ணையில் பெண்கள் கம்பளி பின்னுகிறார்கள். கண் பாதையில், கை ஊசியில். குளிர்காலம் முழுக்க ஊரைப் பூட்டிவிட்டுக் கீழே சமோலிப் பக்கம் இறங்கிவிடுவார்கள், மேயில்தான் திரும்புவார்கள். மார்ச்சா என்று சொல்லும் போட்டியா மக்கள். 1962 வரை இவர்கள் பிழைப்பே கணவாய்க்கு அப்பால்தான். ஆட்டு முதுகில் தானியத்தைக் கட்டிக்கொண்டு போவார்கள், உப்பும் கம்பளியும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். போர் வந்தது, பாதை மூடியது.

ஊர்க்கோடியில் பீம்புல். இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவில் ஒரு ராட்சதக் கல் விழுந்து பாலமாகி நிற்கிறது. அடியில் சரஸ்வதி. ஆறு என்று சொல்லக்கூடாது. பாறையின் வாயிலிருந்து யாரோ பீய்ச்சி அடிக்கிற மாதிரி வெள்ளையாகக் கொட்டுகிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, வாய் அசைவதுதான் தெரியும். இந்தத் தண்ணீர் வருகிற பள்ளத்தாக்கை அப்படியே பிடித்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் வடக்கே போனால் மாணா கணவாய், 5,600 மீட்டருக்கு மேல். அந்தப் பக்கம் இறங்கினால் திபெத். குகே ராஜ்ஜியத்தின் தலைநகரான சாபராங் சட்லெஜ் நதிக்கரையில் இருந்தது. இப்போது இடிபாடு.

கணவாய்ச் சாலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். என்னிடம் இல்லை. கிடைக்காது என்று தெரிந்தேதான் வந்தேன்.

1624இல் நடந்தது இது. மாணாவில் மார்க்கெஸை விட்டுவிட்டு, பனி முழுக்க உருகுவதற்கு முன்பே, இரண்டு வேலையாட்களோடும் ஒரு மாணாக்காரரோடும் அந்த்ராதே ரகசியமாகக் கிளம்பினார். இன்னும் காத்திருந்தால் ஸ்ரீநகர் ராஜாவின் ஆட்கள் தடுத்துவிடுவார்கள் என்று பயம். இரண்டு நாளில் பின்னாலேயே ஆட்கள் ஓடிவந்தார்கள். திரும்பி வராவிட்டால் உன் பெண்டாட்டி பிள்ளைகள் கதி என்ன ஆகும் தெரியுமா என்று வழிகாட்டியை மிரட்டினார்கள். அவர் திரும்பிவிட்டார். அவரை யார் குறை சொல்ல முடியும்? அந்த்ராதே மட்டும் இரண்டு வேலையாட்களோடு மேலே போனார். இடுப்பளவு, சில இடங்களில் மார்பளவு பனி. இரவில் பனியின் மேலேயே ஒரு துணியை விரித்து, இன்னொன்றைப் போர்த்திப் படுக்க வேண்டும். மேலே விழும் பனி மூடிவிடாமல் எழுந்து எழுந்து உதற வேண்டும். சாப்பாடு, வறுத்த பார்லி மாவைப் பனித்தண்ணீரில் கரைத்தது. எங்கேயோ இடித்து விரலில் ஒரு துண்டு போய்விட்டது. வலியே தெரியவில்லை, இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்கிறார். கடைசியில் கணவாய் உச்சியில் நின்று பார்த்தால் முன்னால் எல்லாம் ஒரே வெள்ளை. கண் கூசி, கண் போய், வழி என்று ஒன்றே தெரியவில்லை.

திரும்பினார்கள். பாதி வழியில் அவர்களைத் தேடிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அனுப்பியது யார்? மாணாவில் உட்கார்ந்திருந்த மார்க்கெஸ்.

பீம்புல்லிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து இதைப் போனில் மறுபடியும் படித்தேன். இங்கே வந்து படிக்கும்போது கணவாய் உச்சி பெரிதாகத் தெரியவில்லை. இந்த ஊரில், மொழி தெரியாமல், கிட்டத்தட்டப் பணயக்கைதி மாதிரி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தெரிந்தது. போன ஆளுக்காவது நடக்கிற வேலை இருந்தது. 2025 பிப்ரவரி கடைசியில் இந்த மாணாவுக்குப் பக்கத்தில்தான் சாலைப் பணியாளர் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்தது. 54 பேர் மாட்டினார்கள், 46 பேரை உயிரோடு எடுத்தார்கள். அப்போது டிவியில் இந்தப் பெயர் கேட்டும் எனக்கு அந்த்ராதேதான் ஞாபகம் வந்தாரே தவிர மார்க்கெஸ் வரவில்லை.

பனி இளகியதும் மார்க்கெஸையும் சேர்த்துக்கொண்டு மறுபடி போனார்கள். ஆகஸ்டில் சாபராங். சரக்கு இல்லாமல் வந்த வியாபாரிகளா என்று முதலில் குழம்பிய ராஜா, அப்புறம் நன்றாகவே நடத்தினார். திரும்பி வருவோம் என்று வாக்குக் கொடுத்தால்தான் போகவிடுவேன் என்றார். நவம்பரில் ஆக்ரா வந்து அந்த்ராதே எழுதிய கடிதம்தான் ஐரோப்பா முழுக்கப் படித்தது. சொன்னபடி 1625இல் திரும்பினார். 1626 ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறன்று சாபராங்கில் மாதா கோயிலுக்கு அடிக்கல். ராஜாவே நாட்டினார். ராஜா பாதிரிகள் பக்கம் சாயச் சாய லாமாக்களுக்கு ஆத்திரம் ஏறியது. 1630இல் கலகம், அந்தச் சாக்கில் லடாக் ராஜா செங்கே நம்கியால் படையோடு வந்து குகேவை விழுங்கினார். அன்போடு வந்த விருந்தாளிகளால் ஒரு ராஜ்ஜியம் போயிற்று என்று சொன்னால் கொஞ்சம் அதிகம், ஆனால் பங்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த்ராதே அதற்குள் கோவாவில் இயேசு சபையின் மாநிலத் தலைவர். 1634 மார்ச்சில் அங்கேயே செத்தார். விஷம் என்கிறார்கள்.

மார்க்கெஸ் விடவில்லை. 1640இல், அந்த்ராதே செத்து ஆறு வருடம் கழித்து, மல்பீச்சி என்ற பாதிரியாரோடு மறுபடி இதே வழியில் வந்தார். பிடிபட்டார்கள். மல்பீச்சி தப்பிவிட்டார். 1641இல் திபெத்திலிருந்து மார்க்கெஸ் எழுதிய கடிதம் ஒன்று ஆக்ராவுக்கு வந்தது, மீட்கச் சொல்லி. அதோடு சரி.

எழுந்து திரும்பி நடந்தேன். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் காய்ந்த புல் மாதிரி எதையோ சிறு கட்டுகளாக விற்றார்கள். ஃபரண். பருப்புக்குத் தாளிப்பதாம். வெங்காயமும் பூண்டும் கலந்த வாசனை. இரண்டு கட்டு வாங்கினேன். "அந்தப் பக்கம் போனதுண்டா?" என்று கேட்டேன். "என் மாமனார் போவார். ஆட்டோடு போவார். நான் போட்டோவில்தான் பார்த்தேன்" என்றார் அந்தம்மா, பின்னலை நிறுத்தாமல்.

டீக்கடையில் மாப்ளே இல்லை. பெஞ்சில் அவன் பை மட்டும் இருந்தது. கொஞ்சம் பதறிவிட்டேன். கடைக்காரப் பையன் சிரித்துக்கொண்டே மேலே கையைக் காட்டினான். பார்த்தால், நான் போன பாதையில் ஐம்பது படி தள்ளி, புதிதாக வாங்கிய கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு சந்துகளில் எதில் நான் இறங்கி வருவேன் என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தானாம். நான் மூன்றாவது சந்தில் வந்துவிட்டேன்.

"ரெண்டு மணி நேரம் ஆச்சு அத்தான். இன்னும் பத்து நிமிஷம் பார்த்துட்டு யாரையாவது அனுப்பலாம்னு இருந்தேன்."

டீ ஆறிப்போயிருந்தது. பையன் மறுபடி சூடு பண்ணிக் கொடுத்தான்.